அளவு மீறவில்லை, ஆனாலும் மண்புழு இல்லை: ஒரு வாசகிக்குப் பதில்

வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரிய வேண்டாம் என்று கேட்டிருப்பதால் விவரங்களைச் சற்று மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

அவரும் கணவரும் எட்டு ஆண்டுகளாகக் குத்தகை நிலத்தில் காய்கறி போடுகிறார்கள். ஆரம்பத்தில் மண்வெட்டியால் ஒரு கொத்து கொத்தினாலே மண்புழு வெளியே வரும். இப்போது பாத்தி முழுக்கக் கிளறினாலும் ஒன்றுகூடக் கண்ணில் படுவதில்லை. வரப்பில் புல் இருக்கும் இடத்தில் மட்டும் இன்னும் இருக்கிறது. விதை இமிடாகுளோபிரிட் என்ற பூச்சிக்கொல்லி பூசியே வருகிறது. பயிர் எழுந்த பிறகு பத்து நாளுக்கு ஒரு முறை சைபர்மெத்ரின் (பூச்சிக்கொல்லி), டெபுகோனசோல், காப்பர் ஆக்ஸிகுளோரைடு (இரண்டும் பூஞ்சைக்கொல்லி) மூன்றையும் ஒரே டேங்கில் கலந்து அடிக்கிறார்கள், ஆள் செலவு மிச்சம் என்பதால். இரண்டு ஆண்டுக்கு முன்புவரை வேரழுகலுக்குக் கார்பென்டாசிம் என்ற பூஞ்சைக்கொல்லியைக் கரைத்து ஊற்றியதும் உண்டு. நடுவில் மண்புழு வாங்கிவந்து இரண்டு முறை வயலில் விட்டிருக்கிறார், ஒரு வாரத்தில் அவையும் காணோம்.

"எதையும் அளவுக்கு மேல் அடித்ததே இல்லை. லேபிளில் போட்டிருக்கும் அளவுதான். அப்புறம் ஏன் இப்படி? எல்லா மருந்தையும் பாதி அளவாகக் குறைத்துக் கலந்து அடித்தால் சரியாகிவிடுமா? மண்ணை ஆய்வகத்துக்கு அனுப்பட்டுமா? எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்திவிடலாம் என்றால் கணவர் சம்மதிக்க மாட்டேன் என்கிறார், பயிர் போனால் குத்தகைப் பணம் யார் கட்டுவது என்று கேட்கிறார். அவர் கேட்பதும் நியாயம்தான்" என்று முடித்திருக்கிறார்.

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகப் பெரிய நம்பிக்கை தந்த வரி எது தெரியுமா? வரப்பில் இன்னும் புழு இருக்கிறது என்பதுதான். ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில் நீங்கள் மனதில் போட்டுக் குமைந்துகொண்டிருக்கும் அந்த "அளவு" விஷயத்தைப் பார்ப்போம், ஏனென்றால் நீங்கள் விதியை மீறவில்லை, அந்த விதி எதைப் பார்த்து எழுதப்பட்டது என்பதில்தான் சிக்கல் இருக்கிறது.

லேபிள் அளவு எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாது

லேபிளில் உள்ள அளவு, அந்த ஒரு மருந்து அந்தப் பயிரில் அந்தப் பூச்சியையோ நோயையோ கட்டுப்படுத்த எவ்வளவு தேவை என்பதை வைத்துத் தீர்மானிக்கப்படுகிறது. மண்ணில் வாழும் உயிர்களுக்கு என்ன ஆகும் என்று தனியாகச் சோதிக்கிறார்கள், ஆனால் அந்தச் சோதனை பெரும்பாலும் ஒரு நேரத்தில் ஒரு மருந்தை வைத்துத்தான். 1984இல் வந்த சர்வதேச வழிமுறைப்படி மண்புழுவை மருந்து கலந்த மண்ணில் 14 நாள் வைத்திருந்து எத்தனை செத்தது என்று எண்ணுவார்கள். செத்ததா இல்லையா, அவ்வளவுதான் கேள்வி. குஞ்சு எத்தனை பொரிந்தது என்று பார்க்கும் 56 நாள் சோதனைக்கான வழிமுறை 2004இல்தான் வந்தது. இந்த இரண்டு சோதனைக்கும் நடுவில்தான் உங்கள் வயலில் நடந்தது இருக்கிறது என்று நினைக்கிறேன்.

புழு சாகாமலே ஒரு வயல் புழுவில்லாமல் போகலாம். நீங்கள் அடித்த மறுநாள் செத்த புழு எதையும் பார்த்ததில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பார்த்திருக்க மாட்டீர்கள். மண்புழுவுக்கு நுரையீரல் கிடையாது, ஈரமான தோல் வழியாகவே மூச்சு விடுகிறது. மண்ணையே விழுங்கிச் செரித்து வெளியே தள்ளுகிறது. அதனால் மண்ணில் இருப்பது எதுவானாலும் வெளியிலிருந்தும் உள்ளேயிருந்தும் அதன் உடம்போடு ஒட்டி உறவாடும். சிறிய அளவில் நஞ்சு இருந்தால் முதலில் அது மெலியும், வளை தோண்டுவது குறையும், முட்டைக்கூடு போடுவது குறையும். இமிடாகுளோபிரிட்டை எடுத்துக்கொண்டால், ஒரு கிலோ மண்ணில் 0.1 முதல் 0.5 மில்லிகிராம் வரை இருந்தபோதே வயலில் வாழும் சில மண்புழு இனங்கள் தோண்டும் வளைகள் மாறிப்போனதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அந்த அளவில் புழு உயிரோடுதான் இருந்தது.

அந்த 0.1, 0.5 எவ்வளவு என்று உங்கள் வயலுக்கு ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ஹெக்டேர் நிலத்தின் மேல் 5 சென்டிமீட்டர் மண்ணின் எடை சுமார் 7.5 லட்சம் கிலோ. அதில் 750 கிராம் மருந்து (பாட்டில் எடை அல்ல, உள்ளே இருக்கும் மூலப்பொருளின் எடை) விழுந்தால் கிலோவுக்கு 1 மில்லிகிராம் ஆகும். இலை கொஞ்சம் தாங்கிக்கொள்ளும், வெயிலும் நுண்ணுயிரும் கொஞ்சம் சிதைக்கும், அது உண்மை. ஆனால் பத்து நாளுக்கு ஒரு முறை அடிக்கும்போது முந்தையது சிதைந்து முடிவதற்குள் அடுத்தது வந்து சேர்கிறது. விதைப்பூச்சும் அப்படித்தான்: பூசிய மருந்தில் பயிர் உறிஞ்சுவது சிறு பங்கு, பெரும்பாலும் 20 சதவீதத்துக்கும் குறைவு. மீதி மண்ணிலேயே தங்குகிறது, அதுவும் இமிடாகுளோபிரிட் சில மண்களில் பாதியாகக் குறையவே பல மாதங்கள், சில இடங்களில் ஆண்டுக்கணக்கும் ஆகும்.

மூன்றும் சேரும்போது

"ஒவ்வொன்றும் அளவுக்குள்தானே" என்று கேட்கிறீர்கள். ஒவ்வொன்றும் அதனதன் பாதிப்பு எல்லையில் 40 சதவீதத்தில் இருந்தால், தனித்தனியே பார்க்கும்போது எல்லாம் பாதுகாப்புதான். மூன்றையும் கூட்டினால் 120. பெரும்பாலான கலவைகள் இப்படித்தான் வேலை செய்கின்றன, மாயம் ஒன்றும் இல்லை, வெறும் கூட்டல்.

சில கலவைகள் மட்டும் கூட்டலைத் தாண்டிப் போகும், உங்கள் டேங்கில் இருப்பது அந்த வகையில் சந்தேகப்பட வேண்டிய ஒரு ஜோடி. டெபுகோனசோல் 'அசோல்' குடும்பத்துப் பூஞ்சைக்கொல்லி. பூஞ்சையின் ஒரு நொதியைத் தடுப்பதுதான் அதன் வேலை. பூச்சிகளும் மற்றச் சிற்றுயிர்களும் தம் உடம்புக்குள் வந்த நஞ்சை உடைத்து வெளியேற்ற அதே குடும்பத்து நொதிகளைத்தான் நம்பியிருக்கின்றன. அசோல் அந்த நொதிகளையும் மந்தமாக்கினால், கூடவே வந்த சைபர்மெத்ரின் உடம்பில் உடையாமல் நெடுநேரம் நிற்கும். அசோலும் பைரித்ராய்டும் (சைபர்மெத்ரின் சேர்ந்த பூச்சிக்கொல்லிக் குடும்பம்) சேர்ந்தால் நஞ்சு பல மடங்கு ஏறுவதைத் தேனீக்களிலும் நீர்த்தெள்ளுகளிலும் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறார்கள். உங்கள் மண்ணில் எந்த உயிருக்கு எத்தனை மடங்கு என்று யாராலும் அறைக்குள் உட்கார்ந்து சொல்ல முடியாது, ஆனால் இந்த இரண்டையும் வழக்கமாக ஒரே டேங்கில் போடக் கூடாது என்பதற்கு இதுவே எனக்குப் போதுமான காரணம்.

சைபர்மெத்ரின் மண்புழுவை நேரடியாகக் கொல்வது குறைவு, மண்ணோடு இறுக ஒட்டிக்கொள்ளும். அதனால் விற்பவர் "மண்புழுவுக்கு ஒன்றும் செய்யாது" என்று உங்களிடம் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. மண் என்றால் மண்புழு மட்டும் இல்லையே. மட்கும் இலையைத் தூக்கிப் பார்த்தால் வெள்ளையாகத் துள்ளி ஓடும் ஸ்பிரிங்டெயில், கண்ணுக்கு அரிதாகத் தெரியும் மண் உண்ணிகள், தரை வண்டு, பூரான், மரவட்டை, தரைக்குள் கூடு கட்டும் தேனீக்கள் (தேனீ இனங்களில் பெரும்பான்மை மண்ணுக்குள்தான் கூடு வைக்கின்றன என்பது பலருக்குத் தெரியாது), எல்லாவற்றுக்கும் சைபர்மெத்ரின் ஆகாது. இலைகளைத் துண்டாக்கி நுண்ணுயிர்களுக்குக் கொடுப்பதும், பூஞ்சையை மேய்ந்து அளவோடு வைப்பதும், கூட்டுப்புழுவையும் முட்டையையும் தின்பதும் இவைதான்.

இன்னொன்று, எண்ணிக்கை கூடுவதும் நல்ல அறிகுறி என்று நம்பிவிடாதீர்கள். டிடிடி அடித்த மண்ணில் ஸ்பிரிங்டெயில்கள் பெருகியதை 1950களிலேயே கவனித்தார்கள். டிடிடி அவற்றுக்கு நன்மை செய்யவில்லை, அவற்றைத் தின்கிற உண்ணிகளைக் கொன்றிருந்தது.

காப்பர் பற்றி உங்களிடம் ஒரு நம்பிக்கை தெரிகிறது, "அது மட்டும் இயற்கை மருந்து, அதை விட வேண்டாம் அல்லவா" என்று கேட்டிருக்கிறீர்கள். அன்போடு மறுக்கிறேன். மற்ற மருந்தெல்லாம் என்றைக்காவது சிதையும், காப்பர் ஒரு உலோகம், அது சிதையவே சிதையாது. இன்று விழுந்தது அடுத்த தலைமுறைக்கும் அங்கேதான் இருக்கும். காப்பர் ஏறிய மண்ணை மண்புழு தவிர்த்து விலகும், முட்டைக்கூடும் குறையும். இயற்கை வேளாண்மைக்கும் காப்பரை அனுமதிக்கும் ஐரோப்பிய ஒன்றியமே ஏழு ஆண்டுக்கு ஹெக்டேருக்கு 28 கிலோ காப்பருக்கு மேல் கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறது. உங்கள் வயலில் எட்டு ஆண்டில் எவ்வளவு சேர்ந்திருக்கும் என்று பழைய கணக்கு நோட்டைப் பார்த்துக் கூட்டிப் பாருங்கள்.

கார்பென்டாசிம் விஷயத்தில் சுருக்கமாகவே சொல்கிறேன். ஒரு மருந்து வயலில் மண்புழுவைப் பாதிக்கிறதா என்று சோதிக்கும்போது, சோதனை சரியாக நடக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க 'கண்டிப்பாகப் பாதிக்கும்' மருந்து ஒன்றை ஒரு துண்டு நிலத்தில் அடிப்பார்கள். அதற்குப் பயன்படுத்துவது கார்பென்டாசிம். அதை நீங்கள் வேருக்கே ஊற்றியிருக்கிறீர்கள். நிறுத்தியது நல்லது, திரும்பிப் போகாதீர்கள்.

இது உங்கள் வயலுக்கு மட்டும் நேர்ந்தது இல்லை. ஐரோப்பாவில் 317 விளைநிலங்களின் மேல்மண்ணைச் சோதித்து 2019இல் வெளிவந்த ஆய்வில், 83 சதவீத மண்ணில் ஏதோ ஒரு மருந்தின் எச்சம் இருந்தது, 58 சதவீதத்தில் ஒன்றுக்கு மேல் இருந்தது. அதனால் டேங்கில் கலக்காமல் தனித்தனி நாளில் அடித்தால் போதும் என்று நான் சொல்ல மாட்டேன். டேங்கில் சந்திக்காதவை மண்ணுக்குள் சந்தித்துக்கொள்ளும். 2021இல் கிட்டத்தட்ட 400 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மண்வாழ் முதுகெலும்பற்ற உயிர்களிடம் அளந்து பார்த்தவற்றில் சுமார் 70 சதவீதத்தில் பாதிப்பு தெரிந்தது. அந்த ஆய்வுகளில் மிகப் பல ஒற்றை மருந்தை வைத்துச் செய்தவை.

வாங்கி விட்ட புழுக்கள் எங்கே போயின

இதற்காக உங்களை நீங்களே நொந்துகொண்டு எழுதியிருந்தீர்கள், தேவையே இல்லை. விற்பனைக்குக் கிடைப்பவை பெரும்பாலும் ஐசீனியா ஃபெடிடா என்கிற உரக்குழிப் புழு. மட்கும் குப்பையிலும் சாணத்திலும் வாழப் பிறந்தது அது, வெறும் வயல்மண்ணில் அதற்குச் சாப்பாடு இல்லை. மருந்தே அடிக்காத வயலில் விட்டிருந்தாலும் அநேகமாகத் தங்கியிருக்காது.

மருந்துகளை ஆய்வகத்தில் சோதிப்பதும் இதே புழுவை வைத்துத்தான், வளர்ப்பது சுலபம் என்பதால். ஆனால் வயலில் நிஜமாக வாழும் மண்புழு இனங்கள் பல, இதைவிட மருந்துக்கு எளிதில் அடிபடுபவை. ஆய்வகத்தில் ஐசீனியா பிழைத்தது என்பதை வைத்து உங்கள் வரப்பில் இருக்கும் புழுவும் பிழைக்கும் என்று சொல்லிவிட முடியாது.

இன்னும் புழு வாங்கிப் பணத்தை விரயம் செய்யாதீர்கள். வரப்பில் இருப்பவைதான் உங்கள் மண்ணுக்குச் சொந்தமானவை. நிலைமை சரியானால் அவையே உள்ளே வரும், மெதுவாகத்தான், ஆண்டுக்குச் சில மீட்டர் என்ற கணக்கில். அதனால்தான் அந்த வரி எனக்கு நம்பிக்கை தந்தது. வரப்பில் மருந்து படவே கூடாது. களைக்கொல்லியும் கூடாது, புல்லை வெட்டிவிடுங்கள் போதும்.

பாதி அளவு வேண்டாம், பாதி எண்ணிக்கை

எல்லா மருந்தையும் பாதியாக்கிக் கலப்பது நல்ல எண்ணத்தில் வந்த யோசனை, ஆனால் இரண்டு பக்கமும் நட்டம். பூச்சி முழுதாகச் சாகாமல் தாங்கும் திறன் உள்ளவை மிஞ்சிப் பெருகும், அப்புறம் அந்த மருந்தே பலிக்காமல் போய் இன்னும் வலுவான ஒன்றைத் தேட வேண்டிவரும். மண்ணுக்கோ மூன்றும் சேர்ந்த கலவை அப்படியே தொடரும். குறைக்க வேண்டியது எத்தனை வகை மருந்து, எத்தனை முறை, எவ்வளவு பரப்பு என்ற மூன்றையும்தான். அடிக்கும்போது அடிக்க வேண்டிய ஒன்றை, அடிக்க வேண்டிய இடத்தில், சரியான அளவில்.

கணவரோடு பேசும்போது

அவருடைய பயத்தை நான் மதிக்கிறேன். குத்தகைக்கு நின்றுகொண்டு ஒரே பருவத்தில் எல்லாவற்றையும் விடுங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அப்படி விட்டால் முதல் ஆண்டில் பூச்சி தாக்கும் வாய்ப்பும் அதிகம், ஏனென்றால் பூச்சியைத் தின்னும் உயிர்கள் இன்னும் திரும்பியிருக்காது. ஒரு பருவம் அடி வாங்கினால் அடுத்த பருவம் பழையபடி டேங்க் நிரம்பிவிடும். ஆகவே எதை முதலில் விட்டால் பயிருக்கு ஆபத்து குறைவு, மண்ணுக்கு லாபம் அதிகம் என்ற வரிசையில் போகலாம்.

முதலில் விட வேண்டியது தேதி பார்த்து அடிப்பதை. பத்தாவது நாள் வந்தது என்பதற்காக மூன்றையும் கலக்காமல், வாரத்துக்கு இரண்டு முறை வரிசை வரிசையாகச் செடியைப் புரட்டிப் பாருங்கள். பூச்சி இருந்து நோய் இல்லையென்றால் பூஞ்சைக்கொல்லி எதற்கு? நோய் இருந்து பூச்சி இல்லையென்றால் சைபர்மெத்ரின் எதற்கு? 'எதற்கும் இருக்கட்டும்' என்று போடுவதை மட்டும் நிறுத்தினாலே பல வயல்களில் கலவையின் பெரும்பகுதி போய்விடும், செலவும் குறையும். இதைக் கணவர் மறுக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

அடுத்தது விதை. பூசாத விதை கிடைக்குமா என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். கிடைத்தால் வயலில் ஒரு பகுதிக்கு மட்டும் அதைப் போட்டு முளைப்பையும் இளம்பருவத் தாக்குதலையும் ஒப்பிடுங்கள். இரண்டு பருவம் பார்த்த பிறகு மீதியைப் பற்றி முடிவு எடுக்கலாம்.

அப்புறம் மருந்து அல்லாத காரணங்கள். எல்லாப் பழியையும் மருந்தின் மேல் போட்டுவிட்டால் நாம் ஏமாந்துபோவோம். ரோட்டவேட்டர் அடிக்கடி ஓட்டுவது மண்புழுவை நேரடியாக வெட்டிப் போடும், வளைகளையும் கலைக்கும். பயிர் இல்லாத மாதங்களில் மண்ணை மொட்டையாக விடுவதும், குப்பையும் தொழுவுரமும் போகாமல் இருப்பதும் அதே அளவு கெடுதல். மூடாக்கும் மட்கும் இல்லாமல் மருந்தை மட்டும் நிறுத்தினால், திரும்பி வரும் புழுவுக்குச் சாப்பிட ஒன்றும் இருக்காது.

ஆய்வகத்துக்கு முன்னால் ஒரு பெட்டி

எச்சப் பரிசோதனை செய்யலாம், தப்பில்லை, ஆனால் செலவான வேலை, கேட்ட மருந்தை மட்டும்தான் தேடுவார்கள். 'கண்டறியப்படவில்லை' என்று வந்தால் கருவியின் வரம்புக்குக் கீழே என்றுதான் பொருள். அதற்கு முன் இரண்டு காரியம் நீங்களே செய்யலாம்.

மண் ஈரமாக இருக்கும் நாளில் காலை வேளையில் 20 சென்டிமீட்டர் நீள அகல ஆழத்துக்கு ஒரு கட்டி மண்ணை வெட்டியெடுத்து, ஒரு விரிப்பில் போட்டுக் கையால் உதிர்த்துப் புழுவை எண்ணுங்கள். முட்டைக்கூடும் தேடுங்கள், எலுமிச்சை வடிவில், சில மில்லிமீட்டர் நீளத்தில், மஞ்சள் அல்லது பழுப்பாக இருக்கும், அவசரமாகப் பார்த்தால் சிறு கல் என்று விட்டுவிடுவீர்கள். வயலில் ஐந்தாறு இடம், வரப்பில் ஐந்தாறு இடம். ஒவ்வொரு ஆண்டும் அதே பருவத்தில், அதே ஈரத்தில்.

இரண்டாவது, விலகல் சோதனை. ஒரு பெட்டியை நடுவில் அட்டை வைத்துப் பிரித்து, ஒரு பக்கம் வயல்மண், மறுபக்கம் வரப்பு மண், இரண்டிலும் ஒரே ஈரம். அட்டையை எடுத்துவிட்டு அந்தக் கோட்டில் பத்து உரக்குழிப் புழுவை விடுங்கள், காற்று போகும்படி மூடி, இரண்டு நாள் கழித்து மீண்டும் அட்டையைச் செருகி எந்தப் பக்கம் எத்தனை என்று எண்ணுங்கள். ஒரு பெட்டி போதாது, ஐந்து பெட்டியாவது வையுங்கள். எல்லாப் பெட்டியும் சேர்த்து நூற்றுக்கு 80க்கு மேல் வரப்புப் பக்கம் போயிருந்தால், வயல்மண் புழு தங்குவதற்கு ஏற்றதாக இல்லை என்று சர்வதேசச் சோதனை முறையிலேயே எடுத்துக்கொள்கிறார்கள். மருந்துதான் காரணமா, மட்கு இல்லாததா என்று இது பிரித்துச் சொல்லாது. ஆனால் அப்படி வந்தால் ஆய்வகச் செலவுக்கு நியாயம் இருக்கிறது, காப்பரையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

நீங்கள் கேட்டு வாங்க வேண்டியவை

வாங்கும் ஒவ்வொன்றிலும் மூலப்பொருளின் பெயரையும் சதவீதத்தையும் லேபிளில் பாருங்கள், வணிகப் பெயரை நம்பாதீர்கள். இரண்டு பெயரில் வாங்கிக் கலக்கும் இரண்டு பாட்டிலில் ஒரே மூலப்பொருள் இருப்பது அடிக்கடி நடக்கிறது. சில பாட்டிலில் ஏற்கெனவே இரண்டு மருந்து கலந்தே வரும், அதோடு நீங்கள் இன்னும் இரண்டு சேர்க்கிறீர்கள். பாதுகாப்புத் தகவல் தாள் கேளுங்கள், அதில் மண்புழு பற்றிய வரி இருக்கிறதா, அது 14 நாள் சோதனையா, குஞ்சு பொரிக்கும் சோதனையா என்று பாருங்கள். எதோடு எதைக் கலக்கலாம் என்று வாய்மொழியாகச் சொன்னால், லேபிளில் எங்கே இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். நிலத்துக்காரரிடமும் ஒரு வார்த்தை பேசிவிடுங்கள். மண் தேறினால் பயன் அவருக்கும்தான், வரப்பைப் புல்லோடு விடுவதற்கும் குத்தகைக் காலத்தை நீட்டிக் கேட்பதற்கும் இதுவே நல்ல சந்தர்ப்பம்.

எவ்வளவு நாளாகும் என்று கேட்டிருந்தீர்கள். ஸ்பிரிங்டெயிலும் உண்ணிகளும் சில மாதங்களில் திரும்பத் தொடங்கலாம், மண்புழுவுக்கு ஆண்டுகள் ஆகும். சுவிட்சர்லாந்தில் 100 வயல்களில் பார்த்தபோது, இருபது ஆண்டு இயற்கை வேளாண்மை செய்த மண்ணிலும் பழைய மருந்துகளின் எச்சம் இருந்தது, ஆனால் அளவு மற்ற வயல்களைவிட வெகுவாகக் குறைந்திருந்தது. ஆகவே எச்சம் பூஜ்யமாக வேண்டும் என்று காத்திருக்காதீர்கள், அளவும் வகையும் குறைந்துகொண்டே வந்தால் போதும்.

பெட்டியில் வந்த கணக்கையும், நோட்டில் கூட்டிய காப்பர் அளவையும், கடைசி இரண்டு பருவத்தில் எந்தத் தேதியில் எதை அடித்தீர்கள் என்ற பட்டியலையும் எழுதி அனுப்புங்கள். அந்த மூன்றும் கையில் இருந்தால், அடுத்த விதைப்புக்கு முன் டேங்கிலிருந்து எதை முதலில் எடுப்பது என்று குறிப்பாகவே சொல்ல முடியும்.